ரெசிபி வெளியிலிருந்து வரும், பக்குவம்?

மளிகைக் கடையில் நூடுல்ஸ் பாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் பிசிபேளாபாத் பாக்கெட் ஒன்று நின்றுகொண்டிருக்கும். ஃபிரிட்ஜில் வைக்கவில்லை. பின்பக்கத்தைப் படித்தால் கெடாமல் இருக்க ரசாயனம் எதுவும் சேர்க்கவில்லை என்று போட்டிருக்கும். ஆனாலும் மாதக்கணக்கில் கெடாது. நம் வீட்டில் காலையில் வைத்த சாம்பாரோ, சித்திரை வெயிலில் சாயங்காலத்துக்குள் நுரை தட்டிவிடுகிறது. அதே பருப்பு, அதே புளி. அந்தப் பைக்குள் மட்டும் என்ன மாயம்?

மாயம் ஒன்றும் இல்லை, பெரிய பிரஷர் குக்கர்தான். பையில் பொதுவாக மூன்று அடுக்கு இருக்கும். வெளியே கிழியாமல் இருக்கவும் அச்சடிக்கவும் பாலியஸ்டர். நடுவில் காற்றையும் வெளிச்சத்தையும் தடுக்க அலுமினியத் தகடு. உள்ளே, சூட்டில் ஒட்டி மூடிக்கொள்ளும் பாலிப்ரொப்பிலீன். சமைத்த உணவை இதில் நிரப்பி, சீல் வைத்து, ரிட்டார்ட் என்று சொல்லப்படும் ராட்சதக் குக்கருக்குள் அடுக்கிச் சுமார் 121 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றுகிறார்கள். தண்ணீர் கொதிக்கும் 100 டிகிரி ஏன் போதாது? பாட்டுலினம் என்று ஒரு நுண்ணுயிரி இருக்கிறது. அதன் விதைபோன்ற உறை கொதிநீருக்கெல்லாம் அசையாது. காற்றில்லாத இடம்தான் அதற்குப் பிடித்த இடம், அதாவது நன்றாக மூடிய பையின் உள்பக்கம். அங்கே முளைத்தால் அது கக்கும் நஞ்சு ஆளையே கொல்லும். பையின் நட்டநடுவில் இருக்கும் உணவுக்கும் 121 டிகிரியில் மூன்று நிமிடத்துக்குச் சமமான சூடாவது கிடைக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் சூடேறும்போது பைக்குள் ஆவி சேர்ந்து உள்ளழுத்தம் ஏறும். சமைத்து முடித்துக் குளிரவைக்கும் நேரத்தில் வெளியழுத்தம் திடீரென்று குறைந்தால் பை பூரிபோல உப்பி வெடித்துவிடும். வெளியிலிருந்து காற்றை அழுத்திக் கொடுத்து அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். சீல் வைக்கும் இடத்தில் ஒரு சொட்டுக் குழம்பு பட்டிருந்தாலே சீல் சரியாக ஒட்டாமல் போகலாம். குழம்பு கெட்டியா நீர்த்ததா என்பதைப் பொறுத்துச் சூடு உள்ளே போகும் வேகமே மாறும். பையின் படத்தை யார் வேண்டுமானாலும் வரைந்துவிடலாம். பிசிபேளாபாத்தை அதில் போட்டு, வெடிக்காமல், நஞ்சாகாமல், ருசியும் போகாமல் எடுப்பது வேறு வேலை.

நிர்வாகவியலில் அடிக்கடி அடிபடும் இரண்டு சொற்களுக்கு இந்தப் பையையே உதாரணமாகப் பிடித்துக்கொள்ளப் போகிறேன். ஒன்று திறந்த புத்தாக்கம், அதாவது வெளியாரோடு அறிவைக் கொடுத்து வாங்கிப் புதுமை செய்வது. இன்னொன்று உள்வாங்கும் திறன், அதாவது வெளியறிவைப் புரிந்து தனதாக்கிக்கொள்வது. முதல் சொல்லைச் சொல்லிப் பெருமைப்படாத நிறுவனம் இன்று குறைவு. இரண்டாவதுதான் கஷ்டம், அதனாலோ என்னவோ மேடைகளில் அதைப் பற்றி அதிகம் பேச்சில்லை.

ராணுவத்தின் பை, ஆஸ்பத்திரியின் குக்கர்

இந்தப் பையை முதலில் யோசித்தது உணவு நிறுவனம் கிடையாது, அமெரிக்க ராணுவம். தகர டப்பாவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சிப்பாய் குப்புற விழுந்தால் விலாவில் குத்தும். எடை வேறு. மாசசூசெட்ஸில் நேட்டிக் என்ற ஊரில் இருக்கும் ராணுவ ஆய்வுக்கூடமும் ரெனால்ட்ஸ் மெட்டல்ஸ் என்ற அலுமினிய நிறுவனமும் கான்டினென்டல் என்ற பேக்கேஜிங் நிறுவனமும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் உழைத்து இதைத் தேற்றின. அங்கே உணவுத் தொழில்நுட்பர்களின் சங்கம் 1978-ல் இதற்காக மூன்று தரப்புக்கும் விருதுகூடக் கொடுத்தது.

ஆனால் விருதுக்குப் பத்து ஆண்டு முன்பே, 1968 பிப்ரவரியில், ஜப்பானின் ஒசாகா, கோபே பக்கத்துக் கடைகளில் ஒரு பை விற்பனைக்கு வந்துவிட்டது. பெயர் பான் கறி. கொதிக்கும் நீரில் சில நிமிடம் பையோடு போட்டு எடுத்து, சோற்றில் ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். வீட்டுச் சமையலறைக்காகக் கடையில் விற்ற முதல் ரிட்டார்ட் உணவு என்று இதைத்தான் சொல்கிறார்கள். (கறி என்ற நம் சொல் ஆங்கிலேயரின் கப்பலேறி, ஜப்பானியக் கடற்படை வழியாக அங்கே வீட்டுச் சாப்பாடாகி, கடைசியில் பைக்குள் புகுந்த கதை தனியாக ஒரு கட்டுரை கேட்கும். இங்கே வேண்டாம்.) அதே ஆண்டு டிசம்பரில் அப்போலோ 8 வீரர்கள் நிலவைச் சுற்றிவிட்டுக் கிறிஸ்துமஸுக்கு வான்கோழி இறைச்சியைப் பையிலிருந்து கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டார்கள். ஒசாகாவின் இல்லத்தரசிகள் பத்து மாதம் முந்திக்கொண்டார்கள்.

இதைச் செய்தது ஒட்சுகா என்ற குழுமம். நருட்டோ என்ற கடலோர ஊரில் 1921-ல் உப்பளக் கழிவுநீரிலிருந்து ரசாயனம் எடுக்கத் தொடங்கிய குடும்பத் தொழில். 1946-லிருந்து ஆஸ்பத்திரிகளுக்கு ஊசிமருந்தும், நரம்பில் ஏற்றும் டிரிப் திரவமும் தயாரித்து வந்தது. 1960-களின் நடுவில் கறித்தூள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றும் அதன் கைக்கு வந்தது. அப்போது கறிச் சந்தையில் பெரிய போட்டி. எல்லோரும் விற்பதையே தானும் விற்றால் தேற முடியாது. அந்த நேரத்தில்தான் அமெரிக்கப் பேக்கேஜிங் பத்திரிகை ஒன்றில், ராணுவத்துக்காகப் பையில் அடைத்த சாஸேஜ் பற்றிய கட்டுரை அவர்கள் கண்ணில் பட்டது.

இங்கே கொஞ்சம் நிற்கலாம். அந்தப் பத்திரிகை ரகசியமானதில்லை. காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும். மற்ற கறி நிறுவனங்களின் ஆட்களும் அதைப் புரட்டியிருக்கலாம். புரட்டியவர்களுக்கு அதில் சாஸேஜ் தெரிந்திருக்கும், ராணுவம் தெரிந்திருக்கும். ஒட்சுகாவின் ஆட்களுக்கு மட்டும் அது தங்கள் தொழிற்சாலைபோலத் தெரிந்தது. டிரிப் திரவத்தை மூடி, அதிக அழுத்தத்தில் சூடேற்றி, ஒரு கிருமிகூட மிஞ்சாமல் எடுப்பது அவர்களுக்குத் தினசரி வேலை. திரவத்துக்குப் பதில் கறி, அவ்வளவுதானே?

அவ்வளவுதான் இல்லை. இதற்கென்று கருவி எங்கும் விற்பனைக்கு இல்லாததால், டிரிப் மருந்துக்கான அனுபவத்தை வைத்துத் தாங்களே ரிட்டார்ட் செய்துகொண்டார்கள். சூட்டில் பை வெடித்தது. சூட்டைக் குறைத்தால் கிருமி மிஞ்சியது. ஒருவழியாகக் கடைக்கு வந்த முதல் பை ஒளி ஊடுருவுவதாக இருந்தது. காற்றும் மெதுவாக உள்ளே புகுந்தது. அதனால் இரண்டு மூன்று மாதம்தான் தாங்கும். லாரியில் குலுங்கியே கிழிந்தவையும் உண்டு. ஒசாகா, கோபே வட்டாரத்தைத் தாண்டி அனுப்ப முடியாமல் இருந்தது அதனால்தான். அடுத்த ஆண்டு, 1969-ல், அலுமினியத் தகடு அடுக்கைச் சேர்த்த பிறகு இரண்டு ஆண்டு தாங்கும் பை வந்தது. நாடு முழுக்க விற்பனை அதற்கப்புறம்தான்.

உள்வாங்கும் திறன் என்றால்

வெஸ்லி கோஹென், டேனியல் லெவிந்தால் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் 1990-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு நிறுவனம் வெளியே கிடக்கும் புது அறிவின் மதிப்பை அடையாளம் கண்டு, தன்மயமாக்கி, வியாபாரத்தில் பயன்படுத்தும் திறனுக்கு அவர்கள் வைத்த பெயர்தான் தமிழில் உள்வாங்கும் திறன் என்று ஆகிறது. மூன்று படியில் முதல் படியைக் கவனியுங்கள்: அடையாளம் காண்பது. ஒட்சுகாவின் கதையில் பாதி வெற்றி அந்தப் பத்திரிகையைப் பார்த்த அந்தக் கணத்திலேயே இருந்தது. ஏற்கெனவே தெரிந்ததை ஒட்டித்தான் புதியது கண்ணில் படும் என்பது அவர்கள் வாதத்தின் அடித்தளம்.

நம் சமையலறையில் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. பக்குவம். பாட்டியின் மைசூர்பாகு ரெசிபியை நோட்டில் எழுதி இரண்டு பேரப்பெண்களிடம் கொடுங்கள். சர்க்கரை இவ்வளவு, நெய் இவ்வளவு, பாகு ஒரு கம்பிப் பதம். ஏற்கெனவே பாகு காய்ச்சிப் பழகியவளுக்கு அந்த ஒரு கம்பிப் பதம் என்பது முழு வாக்கியம். மற்றவளுக்கு அது வெறும் மூன்று சொல். கொடுத்த தகவல் ஒன்றுதான், ஒரு வீட்டில் மைசூர்பாகு வந்தது, இன்னொரு வீட்டில் செங்கல் வந்தது.

கோஹெனும் லெவிந்தாலும் அந்த 1990 கட்டுரைக்கு முந்தைய ஆண்டு, 1989-ல், எழுதிய இன்னொரு கட்டுரையில் சொன்ன ஒரு விஷயம் எனக்கு இதைவிடப் பிடிக்கும். ஆராய்ச்சிக்கு இரண்டு முகம் என்றார்கள். ஒரு முகம் எல்லோருக்கும் தெரியும்: நம் ஆய்வுக்கூடம் புதிதாக எதையாவது கண்டுபிடிக்கும். இன்னொன்று, அடுத்தவன் கண்டுபிடித்ததைப் புரிந்துகொள்ளும் தகுதியை அது நமக்குத் தரும். ஆண்டு முழுக்கச் செலவழித்தும் நம் லேபிலிருந்து ஒரு புதுப் பொருளும் வரவில்லையே என்று கணக்குப்பிள்ளை அலுத்துக்கொள்ளும்போது இந்த இரண்டாவது முகம் அவர் பேரேட்டில் ஏறியிருக்காது.

இதில் ஒரு பயங்கரமும் உண்டு. தெரிந்தது இருந்தால்தான் புதியது தெரியும் என்றால், ஒரு துறையில் கற்பதைச் சில காலம் நிறுத்திய நிறுவனத்துக்கு அந்தத் துறையில் அப்புறம் வரும் நல்ல வாய்ப்புகள் கண்ணுக்கே தெரியாமல் போகும். தான் எதையோ தவறவிட்டது என்பதுகூடத் தெரியாது.

ஒட்சுகாவுக்கு இந்தத் திறன் ஒருமுறை மட்டும் வாய்த்த அதிர்ஷ்டமா என்றால், இல்லை என்றுதான் தோன்றுகிறது. 1970-களில் அதன் ஆய்வாளர் ஒருவர் மெக்சிகோ போன இடத்தில் வயிற்றுப்போக்கால் ஆஸ்பத்திரியில் படுத்தார். அங்கே மருத்துவர் ஒருவர் களைப்பு நீங்க டிரிப் திரவத்தையே குடிப்பதைப் பார்த்தார். நீங்களும் நானும் பார்த்திருந்தால் ஊருக்கு வந்து கதையாகச் சொல்லியிருப்போம். டிரிப் நிறுவனத்தின் ஆளுக்கு அது, குடிக்கும் டிரிப் என்ற பொருளாகத் தெரிந்தது. 1980-ல் போகாரி ஸ்வெட் என்ற பானம் வந்தது.

கதவைத் திறப்பது

சரி, திறந்த புத்தாக்கத்துக்கு வருவோம். ஹென்றி செஸ்ப்ரோ என்ற பேராசிரியர் 2003-ல் எழுதிய புத்தகத்தால் இந்தச் சொல் பரவியது. பழைய வழக்கம் என்னவென்றால், பெரிய நிறுவனம் தன் ஆய்வுக்கூடத்தில் தானே கண்டுபிடிக்கும், தானே தயாரிக்கும், தானே விற்கும். அறிவாளிகள் எல்லோரும் நம்மிடமே வேலை பார்ப்பதாக ஒரு நினைப்பு. அவர் சொன்னது: அறிவு இப்போது பல்கலைக்கழகத்திலும், சின்ன நிறுவனங்களிலும், இயந்திரம் விற்பவரிடமும், போட்டியாளரிடமும் சிதறிக் கிடக்கிறது. அதனால் வெளியறிவு உள்ளே வரட்டும். உள்ளே தூசி படிந்து கிடக்கும் அறிவு வெளியே போய், வேறொருவர் கையிலாவது காசாகட்டும்.

உணவுத் துறைக்கு இது புதிய உபதேசமே இல்லை என்பது என் எண்ணம். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான நாடுகளின் அமைப்பு (ஓஇசிடி), தொழில்களை ஆராய்ச்சிச் செலவை வைத்து வகைபிரிக்கும்போது உணவை நெடுங்காலம் அடிமட்டத் தொழில்நுட்பப் பிரிவில்தான் வைத்திருந்தது. மருந்து நிறுவனம்போல விற்பனையில் பெரும் பங்கை ஆராய்ச்சியில் போடும் அளவுக்கு இங்கே லாபம் இல்லை. அப்படியும் சாப்பாட்டுத் தொழில் எவ்வளவோ மாறியிருக்கிறது. எப்படி? பாதி மாற்றம் இயந்திரமாகவும் பொட்டலமாகவும் வெளியிலிருந்து வந்தது. அட்டைப் பெட்டிப் பாலைப் பால் நிறுவனம் கண்டுபிடிக்கவில்லை, ஸ்வீடனின் டெட்ரா பாக் என்ற பேக்கேஜிங் நிறுவனம் கொண்டுவந்தது. பழக்கம் பழையது, பெயர்தான் 2003-ல் வந்தது.

பாடநூல்களில் தவறாமல் வரும் உதாரணம் பிரிங்கிள்ஸ் என்ற உருளைக்கிழங்குச் சிப்ஸ். அப்போது அது பிராக்டர் அண்ட் கேம்பிள் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கையில் இருந்தது. 2000-ல் அதன் தலைவராக வந்த ஏ.ஜி. லாஃப்லி, புதுமைகளில் பாதி வெளியிலிருந்து வர வேண்டும் என்று இலக்கு வைத்தார். 2002 வாக்கில், உருளைக்கிழங்குச் சிப்ஸ் ஒவ்வொன்றிலும் படமும் விடுகதையும் அச்சடித்தால் என்ன என்று பேச்சு எழுந்தது. தாங்களே ஆராய்ந்தால் ஆண்டுக்கணக்கில் ஆகும். பிரச்சினையை ஒரு தாளில் தெளிவாக எழுதித் தங்கள் தொடர்பு வலையில் சுற்றுக்கு விட்டார்கள். இத்தாலியின் போலோன்யா நகரில் ஒரு சின்ன பேக்கரி அகப்பட்டது. அதை நடத்தியவர் ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர், கேக்கிலும் பிஸ்கட்டிலும் உண்ணும் மையால் படம் அச்சிட ஒரு முறை கண்டுபிடித்து வைத்திருந்தார். அதைத் தகவமைத்து 2004-ல் அச்சிட்ட சிப்ஸ் கடைக்கு வந்துவிட்டது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பேக்கரியோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு அந்தத் தாள்தான் முக்கியம். எண்ணெயிலிருந்து எடுத்த சிப்ஸ் இன்னும் சூடும் ஈரமுமாக இருக்கும் சில நொடிக்குள் அச்சடிக்க வேண்டும், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில், பல நிறத்தில் என்று பிரச்சினையை அவ்வளவு துல்லியமாக எழுத, சிப்ஸ் வறுப்பதை ஆழமாகத் தெரிந்தவர்கள் உள்ளே இருந்தாக வேண்டும். வெளியே கேட்கத் தெரிவதும் உள்வாங்கும் திறனில்தான் சேர்த்தி.

உள்ளிருந்து வெளியே போன கதைக்கும் அதே நிறுவனத்தில் உதாரணம் உண்டு. பாத்திரத்தில் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் உறை ஒன்றை அது கண்டுபிடித்து வைத்திருந்தது. தானே சந்தையில் இறங்காமல், வேறு பொருட்களில் தன்னோடு மோதும் கிளோராக்ஸ் என்ற நிறுவனத்தின் கிளாட் பிராண்டிடம் அந்தத் தொழில்நுட்பத்தைக் கொடுத்துப் பங்கு வாங்கிக்கொண்டது.

ஆனந்திலும் மைசூரிலும்

இதெல்லாம் பெரிய நாட்டு விவகாரம் என்று நினைத்தால், குஜராத்தின் ஆனந்துக்கு வாருங்கள். 1946-ல் பதிவான கைரா மாவட்டப் பால் கூட்டுறவு ஒன்றியம், நாம் அமுல் என்று அறிந்தது, ஒரு வினோதச் சிக்கலில் இருந்தது. எருமை குளிர்காலத்தில் பால் நிறையக் கறக்கும். பம்பாய் அவ்வளவையும் வாங்காது. மிஞ்சிய பாலைப் பொடியாக்கினால் தப்பிக்கலாம். ஆனால் உலகத்தில் பால்பொடி என்றால் பசும்பால். கொழுப்பு அதிகமான எருமைப்பாலைத் தெளித்துலர்த்திப் பொடியாக்க முடியாது என்பது மேல்நாட்டு நிபுணர்களின் தீர்ப்பு.

1949-ல் ஆனந்துக்கு வந்து, பின்பு அந்த ஒன்றியத்தின் மேலாளரான வர்கீஸ் குரியன் கோழிக்கோட்டுக்காரர். சென்னை லயோலாவிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்துவிட்டு அமெரிக்காவின் மிச்சிகனுக்குப் போனவர். அவர் கையோடு பிடித்து நிறுத்திக்கொண்ட நண்பர் ஹெச்.எம். தலாயா, பால் தொழில்நுட்பம் படித்தவர். முடியாது என்ற தீர்ப்பைத் தலாயா ஏற்கவில்லை, செய்து பார்த்தார். இயந்திரம் டென்மார்க்கின் நிரோ நிறுவனத்துடையது. யுனிசெஃபின் உதவியும் கிடைத்தது. எருமைப்பாலுக்கு ஏற்றபடி அதை ஓட்டிக்காட்டிய அறிவு ஆனந்தில் இருந்தது. 1955 அக்டோபர் 31 அன்று நேரு புதிய ஆலையைத் திறந்துவைத்தார். எருமைப்பால் பொடி உலகில் முதல்முறையாகத் தொழில்முறையில் வந்தது அங்கேதான். இயந்திரம் வாங்கியதை மட்டும் பார்த்தால் இது திறந்த புத்தாக்கம்கூட இல்லை, வெறும் இறக்குமதி. தலாயாவைக் கழித்துப் பாருங்கள், அந்த இயந்திரம் ஆனந்தில் என்ன செய்திருக்கும்?

அப்புறம் குழந்தை உணவு. எருமைப்பால் சிசுவின் வயிற்றில் கெட்டியான தயிர்க்கட்டியாகத் திரளும், செரிக்காது. 1950-ல் மைசூரில் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் கொழுப்பைக் குறைத்து, திரளும் தன்மையை மென்மையாக்கி, வைட்டமின் சேர்த்து ஒரு முறையை வகுத்தார்கள். ஆய்வுக்கூடம் வகுத்ததை 1960 வாக்கில் அமுல் பெருமளவில் தயாரித்தது. பொடியாக்கும் வித்தை அதற்குள் கைவந்திருந்ததால், மைசூர் சொன்னது ஆனந்துக்குப் புரிந்தது. முதல் அறிவு இரண்டாவதற்கு மடி விரித்தது என்று சொல்லலாம்.

நாம் தொடங்கிய பைக்கும் மைசூரோடு உறவு உண்டு. பாதுகாப்புத் துறையின் உணவு ஆய்வுக்கூடம் 1961-லிருந்து அங்கே இருக்கிறது. பனிமலையில் நிற்கும் வீரருக்குச் சப்பாத்தியும் புலாவும் கெடாமல் போய்ச்சேர வேண்டும் என்று ரிட்டார்ட் பையை நம் சாப்பாட்டுக்கு ஏற்றபடி அமைத்தவர்கள் அவர்கள். அந்தத் தொழில்நுட்பத்தைத் தனியாருக்கும் கொடுத்தார்கள். வாங்கியவர்களில் பெயர்பெற்றது பெங்களூரின் எம்டிஆர். 1924-லிருந்து ஓட்டல் நடத்திய கை, இரண்டாம் உலகப்போரில் அரிசி கிடைக்காதபோது ரவையில் இட்லி ஊற்றிய கை, 1970-களிலிருந்து உடனடி மாவும் பொடியும் பொட்டலம் கட்டிய கை. ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது பையும் சூட்டுக் கணக்கும். எந்தக் குழம்பு இரண்டாவது முறை வேகும்போதும் குழம்பாகவே இருக்கும், எது கூழாகும் என்ற நாக்கு எம்டிஆருடையது.

கதவு திறந்தும் உள்ளே வராதபோது

இப்போது ஒரு நெருடலான கேள்வி. பையைப் பெற்றெடுத்த அமெரிக்காவில் அது ஏன் கடைகளுக்கு வர அவ்வளவு காலம் பிடித்தது? அங்கே பையில் அடைத்த சூரை மீன் பரவலாகக் கிடைத்தது 2000-லிருந்துதான். ராணுவம்கூட 1980-களின் தொடக்கத்தில்தான் தன் படிச்சோற்றை டப்பாவிலிருந்து பைக்கு மாற்றியது. டப்பா நிறுவனங்களுக்கு அறிவு இல்லாமலில்லை, அவர்கள் நாட்டு அறிவுதான் அது. ஆனால் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான டப்பாவை நிரப்பித் தள்ளும் இயந்திரங்களில் அவர்கள் பணம் முடங்கியிருந்தது. பையை அந்த வேகத்தில் நிரப்ப முடியாது. அடுக்குகளை ஒட்டும் பசை உணவில் கசியுமோ என்ற சந்தேகத்தில் 1970-களில் அரசு அனுமதி இழுபட்டது. வீட்டுக்கு வீடு பெரிய ஃபிரீஸர் இருந்ததால் உறைய வைத்த சாப்பாடு போதும் என்று மக்களும் இருந்துவிட்டார்கள்.

இதை முழுக்க உள்வாங்கும் திறன் குறைவு என்று சொன்னால் கோட்பாட்டை இழுத்துப் பிடித்துப் பொருத்துவதாகிவிடும். பாதி, சந்தையும் சட்டமும். மீதிப் பாதியை விளக்க ஒரு சின்னப் பிரிவினை உதவும். ஸாரா, ஜார்ஜ் என்ற ஆய்வாளர்கள் 2002-ல் இந்தத் திறனை இரண்டாகப் பிரித்தார்கள். வெளியறிவைத் தேடிப் பெறுவதும் புரிந்துகொள்வதும் ஒரு பக்கம். அதைத் தன் தொழிலோடு கலந்து உருமாற்றுவதும் விற்பனைப் பொருளாக்குவதும் மறு பக்கம். முதல் பக்கம் பலருக்கு இருக்கிறது. கருத்தரங்குக்குப் போகிறார்கள், ஒப்பந்தம் போட்டுப் பொன்னாடை போர்த்திப் படமெடுத்துக்கொள்கிறார்கள். மறு பக்கம் என்று வரும்போது தொழிற்சாலையின் பழைய லைன் குறுக்கே நிற்கும். நாங்கள் கண்டுபிடிக்காததை நாங்கள் ஏன் செய்ய வேண்டும் என்ற மனசும் குறுக்கே நிற்கும்.

ஒரு ஆளை மட்டும் நம்புவதும் இதே சிக்கலில் கொண்டுபோய் விடும். சின்ன உணவு நிறுவனங்களில் இப்படி நடக்கும்: முதலாளியின் மகள் உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வருவாள், புதுமை எல்லாம் அவள் பொறுப்பு. அவள் மைசூருக்கோ தஞ்சாவூருக்கோ போய்க் கற்றுவந்து சொல்லும்போது, அடுப்படி மாஸ்டருக்கும் பாக்கிங் பெண்களுக்கும் அது வேற்றுமொழி. கோஹெனும் லெவிந்தாலும் இதைச் சொல்லியிருக்கிறார்கள்: வாசலில் நின்று வெளியுலகை மொழிபெயர்ப்பவர் வேண்டும், ஆனால் உள்ளே இருப்பவர்களுக்கும் அந்த மொழி கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். மாஸ்டரையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போனால் பேருந்துச் செலவு கூடும், அவ்வளவே.

தஞ்சாவூர் என்று சொன்னது சும்மா இல்லை. காவிரிப் படுகையில் மழையில் நனைந்த நெல்லை என்ன செய்வது என்ற கேள்வியில் பிறந்த நெல் ஆய்வு மையம்தான் இன்று அங்கே தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்து நிற்கிறது. இவர்களிடமும் மைசூரிடமும் கட்டணம் கட்டினால் செயல்முறை கைக்கு வரும், செய்தும் காட்டுவார்கள். கதவு நம் ஊரில் ஓரளவு திறந்தேதான் இருக்கிறது.

சரி, ஈரோட்டிலோ விருதுநகரிலோ வீட்டுக் குழம்பைப் பையில் அடைத்து விற்க நினைக்கும் ஒருவர் எங்கே தொடங்குவது? ரிட்டார்ட் விலை விசாரிப்பதற்கு முன்னால் அவருக்கு ஒரு எண் தெரிய வேண்டும்: 4.6. இது புளிப்பை அளக்கும் பிஎச் அளவு. உணவின் பிஎச் இதற்குக் கீழே, அதாவது நல்ல புளிப்பாக, இருந்தால் பாட்டுலினம் முளைக்காது. கொதிநிலைச் சூடே பெரும்பாலும் போதும், கருவிச் செலவு பெருமளவு மிஞ்சும். மேலே இருந்தால் 121 டிகிரிக்குத் தப்ப முடியாது. புளியும் எண்ணெயும் சுண்டிய வத்தக்குழம்பு அநேகமாகக் கோட்டுக்குக் கீழே நிற்கும். பருப்பும் முருங்கைக்காயும் சேர்ந்த சாம்பார் எந்தப் பக்கம் என்பது புளிக்குப் புளி, கைக்குக் கை மாறும். பருப்பின் நடுவில் ஒரு அளவு, நீரில் ஒரு அளவு என்றுகூட இருக்கலாம். பிஎச் மீட்டர் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். ஒரு மாதம் தன் அடுப்பில் வைத்த ஒவ்வொரு சட்டியையும் அளந்து, நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டு மைசூருக்கு ரயில் ஏறினால், அங்கே விஞ்ஞானி கேட்கும் முதல் கேள்விக்கு அவரிடம் பதில் இருக்கும்.